நிரலில் பேச்சியின் பெயர்

மார்கழி, செவ்வாய்க்கிழமை

என் மகள் சாந்தியை நான் பாடவிடவில்லை என்று போடியில் பேசுகிறார்கள். அது பொய். எங்கள் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பேச்சியோடு சேர்ந்து அவள் மலைச்சரிவுக்குச் சரிவு கூவியதைத்தான் தடுத்தேன். கான்வென்டில் நான் கற்ற மேற்கத்திய இசையை நானே அவளுக்குச் சொல்லித்தந்தேன்.

அவளுடைய இந்த சீசன் கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் இன்று தபாலில் வந்தது. எல்லாம் சேர்ந்திசை, பல நூற்றாண்டுப் பழைய ஐரோப்பியப் பாடல்கள். "இந்தப் பாடல்களுக்கு வேண்டிய, நடுக்கமோ குழைவோ இல்லாத நேர்க்குரலை எனக்குத் தந்த முதல் ஆசிரியை, ஏலக்காய் பறித்த பேச்சி" என்று எழுதியிருக்கிறாள். என் பெயரை இரண்டு முறை தேடினேன். இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் வேலை செய்யும் பேச்சி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"அடி ஆத்தீ! ஜீப்பு வந்துருச்சு, வெரசா வாங்கன்னு கத்துனதெல்லாம் பாட்டாம்மா?" என்று சிரித்தாள்.



நாளை சாந்திக்கு இதை மட்டும் எழுதுவேன்: நான் உனக்குக் கற்றுத்தந்தது எது? போனில் சொல்லாதே. கடிதத்தில் பதில் எழுது.