ஐந்தாம் குறிக்கோள்

என் வீட்டு அரசிக்கு,

ஒலிபெருக்கி எழுதுவது. நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். விசாரித்துத் தெரிந்துகொள்ளும் துணிச்சல் நீ போன இந்த எட்டு மாதத்தில் வரவில்லை. போனில் பேசினால் எதையாவது சொல்லி உன்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். கடிதத்தில் நீ சிரித்தாயா, முறைத்தாயா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் கொஞ்சம் ஒழுங்காக இருப்பேன் என்று நம்புகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஊர்க் கட்டடங்களையெல்லாம் குறை சொல்லிச் சம்பளம் வாங்கும் கட்டட ஆய்வாளர் வீட்டுக் குழாய் அல்லவா, அதற்கு அந்த உரிமை உண்டு. மேல்மாடிக்காரர் புதிதாகத் தலைமுடி வைத்துக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் அவர் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவது பெரும்பாடு. சமையலில் நான் தேறிவிட்டேன். பாத்திரங்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும், கேட்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின மாதம் என்னைத் தேசியக் கட்டட விதிகள் குழுவில் போட்டார்களே, நினைவிருக்கிறதா? அந்த விதிப்புத்தகம் தலைக்கு வைத்துத் தூங்கும் கனம். ஆனால் முதல் பக்கத்தில் நான்கே நான்கு குறிக்கோள்கள். கட்டடம் இடியக் கூடாது, தீயில் ஆளைச் சிக்கவைக்கக் கூடாது, குடியிருப்பவரை நோயாளி ஆக்கக் கூடாது, நடக்க முடியாதவரை வாசலோடு நிறுத்தக் கூடாது. மற்ற பக்கமெல்லாம் இந்த நான்கின் பிள்ளைகுட்டிகள். புதிதாக எந்த விதி வந்தாலும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்போம். நான்கில் ஒருவரைக் கைகாட்டாவிட்டால் உள்ளே இடமில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் வழியாகக் கேட்கிறது என்று வருஷாவருஷம் மூட்டை மூட்டையாய் மனு வரும். அந்தச் சத்தத்தால் எந்தக் கட்டடமும் இடிந்ததில்லை, எரிந்ததில்லை. எனவே குழு திருப்பி அனுப்பிவிடும். இந்த முறை மனுக்காரர்கள் விவரமாக வந்தார்கள். தனி விதி வேண்டாம், முதல் பக்கத்திலேயே ஐந்தாவதாக ஒன்றைச் சேருங்கள் என்றார்கள். ஒரு வீட்டின் பேச்சு அந்த வீட்டோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் குறிக்கோள்.

ஒரு குறிக்கோளைச் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இது நாடு முழுக்க உள்ள தொல்லையா, அளந்து பார்க்க முடியுமா, சோதிக்க ஆள் உண்டா, வீட்டு விலை எவ்வளவு ஏறும் என்று எல்லாவற்றையும் அலச வேண்டும். குழு சம்மதித்தால் பொதுமக்கள் கருத்துக்குப் போகும். வந்த கருத்துக்கெல்லாம் பதில் எழுதிய பிறகுதான் கடைசி ஓட்டு. இந்தச் சுற்றைத் தவறவிட்டால் அடுத்த பதிப்பு வரை ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

போன மாதக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால். கட்டுமானக்காரர்களின் ஆள், சுவர் தடித்தால் அறை குறுகும், அறை குறுகினால் வாங்குகிறவன் என் சட்டையைப் பிடிப்பான் என்று புலம்பிக்கொண்டிருந்தார். தலைவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். கூட்டம் தூங்குவதைக் கண்டால் என் நாக்கு சும்மா இருக்குமா? ஐயா, இதைச் சேர்த்துவிட்டால் எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கும் போய்விடும் என்று ஆரம்பித்தேன்.

நம் பக்கத்து வீட்டு நர்ஸை உனக்குத் தெரியுமல்லவா? அவள் கணவருக்கு வேலை போய்விட்டது. ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்தவள், படுக்கப் போவதற்கு முன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவாள். நிமிந்து உக்காருங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, எதுக்கெடுத்தாலும் சார் சார்னு கெஞ்சாதீங்க என்பாள். அவர், சரிங்க சார் என்பார்.

இதை நான் இரண்டு குரலிலும் நடித்தேன். தீயணைப்பு அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரித்தார். தலைவருக்குத் தூக்கம் போய்ப் புரையேறியது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, இதை அடுத்த பதிப்பில் பார்த்துக்கலாமே என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது. அளக்கவுமில்லை, அலசவுமில்லை. பசி வேறு.

தீர்மானம் முடிந்த பிறகுதான் பார்வையாளர்கள் பேசலாம் என்பது நடைமுறை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். நம் நர்ஸ். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தியாம். தூக்கம் கெட்ட கண்ணோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் பார்வையாளர் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லையே.

என் பக்கம் அவள் கையை நீட்டவில்லை. எங்க வீட்டுச் சுவருக்கும் அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காரு, அவரு வீட்டுப் பேச்சு எங்களுக்கும் கேக்குது, என்ன கேட்டோம்னு இங்க சொல்ல மாட்டேன், சொல்லாம இருக்கறதுக்கு எனக்குச் சட்டம் வேண்டியதில்ல சார், ஆனா எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்களே என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஒருத்தர் யார் என்று அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பக்கம் கேட்டது என்ன என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து சாயங்காலமானால் அலமாரிக் கண்ணாடி முன் நின்று உன்னோடு போனில் பேசிப் பழகுகிறேன். எண்ணை அழுத்துவதில்லை. ஒத்திகை மட்டும். அந்த அலமாரியை நடுச்சுவரை ஒட்டிப் போட்டதும் நான்தான்.

மறுநாள் மாடிப்படியில் அவள் கணவர் எதிரே வந்தார். வணக்கம் சார் என்றார். வீட்டுக்குப் போறீங்களா என்று தொடங்கியவர், வாய்வரை வந்த அடுத்த சாரை விழுங்கிக்கொண்டார். அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். இந்த ஊரே மூடச் சொல்லும் வாய், அன்றைக்குப் பார்த்துத் தானாகவே மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு காலையில் அங்கே மிக்ஸி ஓடுகிறது. உள்ளே ஒன்றும் போடாமல் வெறும் மிக்ஸி. அந்த இரைச்சலுக்குள் அவள் அவரைப் பழக்குகிறாள். அதைக் கேட்டபடி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒழுகும் குழாயில் கண் போனது. பதவி உயர்வுத் தேர்வில் தவறிய அன்று நீயும் இதைத் திறந்துவிட்டுக்கொண்டுதானே அழுதாய். உன் அக்கா வீட்டு மொட்டைமாடியில், அத்தனை சொந்தக்காரர் நடுவில், குழாய்ச் சத்தத்தோடு சேர்த்து நான் அதை நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாய்.

ஒத்திவைத்ததை ஒத்திவைத்தவரே அடுத்த கூட்டத்தில் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. நேற்று கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. இந்தத் தடவை என்னையே நடித்தேன். ஹலோ, நான்தான், இல்ல, நான்தாம்மா பேசறேன், அன்னைக்கு உங்க அக்கா வீட்டு மாடியில... ஒத்திகை தினமும் அங்கேதான் நின்றுபோகும். நேற்றும் அங்கேயே நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. தீயணைப்பு அதிகாரி மூக்கைத் துடைத்துவிட்டு, ஜலதோஷம் என்றார். கட்டுமானக்காரர்களின் ஆள் டீயை வெகுநேரம் கலக்கினார். செலவு செலவுதான் சார், ஆனா ஜனங்ககிட்டக் கேட்டுத்தான் பாப்போமே என்றார்.

ஆகவே ஐந்தாம் குறிக்கோள் பொதுமக்கள் கருத்துக்குப் போகிறது. நிறைவேறும் என்று நான் கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன். வருகிற கருத்து தெம்பாக இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஐந்து வருஷம். நர்ஸ் வீட்டுக் கதவை இன்னும் தட்டவில்லை. நாளைக்குத் தட்டுவேன். எதையும் வேடிக்கையாகச் சொல்லாமல் பேச முடியுமா என்று கண்ணாடி முன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு வேண்டுகோள். கருத்து யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியது எது என்று உன்னைவிடத் தெரிந்தவர் இல்லை. ஒரு வரி போதும். திட்டியும் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை, கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொள்வேன். வருகிற ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டியது குழுவின் கடமை. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ இருக்கும் வீட்டில் சுவர்கள் தடிமனாக இருக்கட்டும். உன் கடிதம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். யாருக்கும் நடித்துக் காட்ட மாட்டேன்.

சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும்,
உன் ஒலிபெருக்கி