இறந்த தேதிக் கட்டத்தில் ஒரு கோடு

இன்று காலை கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண், எதிரே உயிரோடு நிற்கும் நோயாளிக்கு, திரையில் 'இறந்த தேதி' என்ற கட்டத்தில் ஒரு சிறு கோட்டைத் தட்டினாள். கீபோர்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். அழுதுவிட்டாள், பாவம். உன்னைத்தான் நினைத்தேனடா.

"காலியா இருக்கறத காலியாவே விடுங்க!" என்று எத்தனை முறை தொண்டை கிழியக் கத்தியிருப்பாய்! ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் நீ, டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக நான். முத்தியால்பேட்டை டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டேதான் டீ குடிப்போம். பழைய கவுண்டர்காரி கேட்டாளா? "சாவு தேதிய காலியா விட்டா, வா வான்னு கூப்பிடற மாதிரி இருக்குது சார்" என்பாள். நமக்கு அந்தக் கோடு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்கோ, அங்கே ஏதோ எழுதியிருக்கிறது. அவள் திருந்திவிட்டாள் என்று நம்பி, அந்தக் கட்டம் காலியாக இல்லாதவர்களையெல்லாம் டயாலிசிஸ் பட்டியலிலிருந்து நீக்கும்படி கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை, உன் பாஷையில் க்வெரி, எழுதினாய். மறுநாள் நோணாங்குப்பத்துப் பெரியவர் மூச்சு வாங்க வந்து நின்றார். பட்டியலில் அவர் செத்துப்போயிருந்தார். அவருடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார்.

உன் க்வெரிதான் காரணம் என்று சொல்ல நீ ஓடிவந்தாய். "உசுரோட இருக்கற எங்கப்பன சாவடிச்சது நீதானாடா?" என்று அவர் மகன் இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். முதல் அடி தோளில். அடுத்தது தலையில். சுவரெல்லாம் ரத்தம். நான் பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டினேன், கையைக் கடித்தேன். கொன்றிருப்பேன், சத்தியமாக. தரையில் கிடந்த நீதான் என் காலைப் பிடித்து இழுத்தாய். "அவன வுடு. மொதல்ல பெரியவர மெஷின்ல போடு."

ஒருவருக்குப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த மெஷினில் பெரியவரைப் போட்டேன். அவர் பிழைத்தார். நீதான் தலைக் காயத்தோடு அந்த வாரமே செத்துப்போய்விட்டாய்.

மகன் சிறையில் இருக்கிறான். பெரியவர் தனியாக ஆட்டோவில் வருகிறார். நேற்று கையை நீட்டிவிட்டு, "என்ன ஏம்மா இன்னும் பொழைக்க வெக்கற?" என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லையடா, அடங்கவும் வேண்டாம். ஊசியை எடுக்கும்போதெல்லாம், அவன் அப்பனுடைய அந்தக் கையில் வலிக்க வலிக்கக் குத்த வேண்டும் என்றுதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் நரம்பைத் தடவிப் பார்த்து, வலிக்காமல்தான் குத்துகிறேன்.