பாதி சுரண்டிய மூடி

ஏட்டம்மா,

சனிக்கிழமை பரணிலிருந்து பழைய தெர்மாகோல் பெட்டிகளை இறக்கினேன். ஒரு மூடியில் விலாசம், பாதி சுரண்டியபடி. மீதியைப் படித்ததும் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வழக்குக்காக நான் உங்களிடம் கொடுத்த மூடிக்கு இது ஜோடி, அதே விலாசம்.

நண்டு வியாபாரத்தில் பெட்டி திரும்பி வந்ததும் விலாசத்தைக் கத்தியால் சுரண்டிவிடுவோம். சரக்கு எங்கே போகிறதென்று தெரிந்தால் பக்கத்துக் கொட்டகைக்காரன் நாளைக்கே அங்கே போய் நிற்பான். கூடை சுமந்து பொன்னேரி மார்க்கெட்டில் தொடங்கியவள் நான். சொந்தமாகக் கொட்டகை போட்டதே வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான்.

பெண்களைத் தேடி முதல்முதலாக என் கொட்டகைக்கு வந்த அன்று நீங்கள் காக்கியில் வரவில்லை. சாதாரணப் புடவையில், நண்டு வாங்க வந்தவர் மாதிரி நின்றீர்கள்.

"யக்கா, உங்கிட்ட நண்டு எடுக்கிற அந்த ஏஜென்ட்டு, நம்ம பொண்ணுங்க ஆறு பேர எங்க கூட்டினு போனான்?"

"எனக்கு இன்னா தெரியும் ஏட்டம்மா? இறால் உரிக்கிற வேலைன்னான்."

"நம்ம ஆளுதான், நம்பி அனுப்புன்னு நீதானே சொன்னியாம்?"

"சொன்னேன். எந்த ஊருன்னு தெரியாது."

பொய். அவன் என் நண்டை அனுப்பும் கம்பெனிக்குத்தான் அவர்களும் போனார்கள்; அந்த விலாசம் என் தலைக்கு மேலே பரணில், சரியாகச் சுரண்டாமல் விட்ட மூடியில் இருந்தது. எங்கே என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. அப்புறமாவது சொல்லியிருக்கலாம். வாங்குகிறவன் கைவிட்டுப் போவானே என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, தோணிரேவிலிருந்து என்னிடம் நண்டு பிரிக்க வரும் தேசம்மாவைப் பார்த்தேன். அந்த ஆறு பேரில் அவள் மகள் கௌரியும் ஒருத்தி. மகளுடைய போன் ஒரு மாதமாக அணைந்தே கிடந்தது. கொடுக்கு கட்டாத நண்டு ஒன்று விரலைக் கவ்வி ரத்தம் வருகிறது. அவளுக்குத் தெரியவில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

நீங்கள் திட்டவில்லை. "எழுதிக் குடு. கோர்ட்டுலயும் வந்து சொல்லணும்," என்றீர்கள். மதியமே ரயில் ஏறினீர்கள்.

ஐந்து பேர் கிடைத்தார்கள். வெளியே பூட்டிய அறையில், போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கைத்தோல் உரிய உரிய வேலை வாங்கியிருந்தார்கள். "நேத்து காலைல வரைக்கும் கௌரி எங்க கூடதான் இருந்தா," என்றார்களாம். எதிர்த்துப் பேசினாள் என்று வேறு எங்கோ ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஐந்து பேரை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கவில்லை நீங்கள். தலையில் பூ வைத்து, பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில், கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மாதிரி கூட்டிவந்தீர்கள். "ஜீப்புல வந்தா ஊரு ஒண்ணுக்கு ஒம்போதா பேசும்கா." வாக்குமூலம் கொடுக்கப் போன நாளெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். என்னிடம், "வேல குடு. ஒண்ணும் கேக்காத," என்றீர்கள். இரண்டு பேர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார்கள். நான் எதுவும் கேட்டதில்லை.

ஏஜென்ட் பிடிபட்டான். கௌரி எங்கே என்றதற்குத் தெரியாது என்றான். கோர்ட்டில் அதைக் கேட்டபோது எனக்கு என் குரல் மாதிரியே இருந்தது.

அப்புறம் எந்த ஊரில் பெண்களை மீட்டாலும் போனில் படத்தோடு வருவீர்கள். தேசம்மா கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாள், இல்லையென்று தலையாட்டுவாள், மறுபடி நண்டு பிரிப்பாள். நான் சும்மா இருந்த இரண்டு நாளை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறை உங்களைக் கேட்டேன். "அது நீ சொல்ல வேண்டியதுக்கா." போன மாதம் நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள். அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

சனிக்கிழமை, "இன்னாக்கா, பழைய மூடிய வெச்சினு உக்காந்துகினு கீற?" என்றாள் தேசம்மா.

சொல்லிவிட்டேன்.

"ரெண்டு நாளா?" என்றாள்.

"ஆமா."

அழவில்லை. மூடியை என் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். ஐந்து நாளாகிறது, வேலைக்கு வரவில்லை. அவளுடைய ரப்பர் கையுறை ஆணியில் தொங்குகிறது; அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. இப்போது நான் எந்த மூடியையும் சுரண்டுவதில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரன் வந்து தாராளமாகப் படித்துவிட்டுப் போகிறான்.