ஜீப்பை ஓட்டியவள் நீதான், அக்கா

என்னைத் தனியே நின்று கத்த விட்டுப் போன என் செல்ல அக்காவுக்கு,

உன்னுடைய முப்பத்தோராம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இங்கே கனடாவில், உன் மல்வேர்ன் வீட்டில்தான். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துப் படைத்தோம். எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதத்தான் ஆசை. எங்கே? சாப்பாடு முடிந்ததும் அத்தான் அந்தக் கென்யாக் கதையைத் தொடங்கிவிட்டார்.

"ஜீப் ஆத்துக்குள்ள புதைஞ்சிட்டுது. வெள்ளம் வருது. பிடிச்சன் பாருங்கோ ஸ்டியரிங்கை, ஒரே இழுவை! இவ பாவம், கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடினவ."

வந்த சனம் உச்சுக் கொட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற இந்த மனுசனை என்ன செய்வது? நான் பாயாசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

நானும் அந்த ஜீப்பில் இருந்தவள் அல்லவா? கனடா விசாவுக்காக கென்யாவில், நக்குருவில், உன்னோடும் அத்தானோடும் காத்திருந்த காலம் அது. நீங்கள் இருவரும் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தீர்கள். டிசம்பர் லீவுக்கு வடக்கே பெரிய ஏரியைப் பார்க்கலாம் என்று அத்தான் யாரிடமோ ஒரு பழைய ஜீப்பை இரவல் வாங்கினார். மரலால் ஊரைத் தாண்டிய பிறகு றோட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. கல், புழுதி, முள்மரம். ஜீப் குதித்த குதியில் என் தலை கூரையில் இடித்துக்கொண்டே வந்தது.

மத்தியானம் ஒரு வறண்ட ஆறு குறுக்கிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். கரைமரத்தின் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து அத்தான் ஆற்றுக்குள்ளேயே ஜீப்பை நிறுத்தினார். "இதில நல்ல குளிர்ச்சி, சாப்பிடுவம்" என்றார். நாங்களும் பாயை விரித்து, றொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தோம். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த சனம் நாங்கள். எங்கோ மலையில் பெய்த மழை, வெயில் எரிக்கிற மணலில் வந்து ஆளை அடிக்கும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? அக்கரையில் ஆடு மேய்த்த பெண் ஒருத்தி கையை வீசிக் கத்தினாள். அத்தான் சிரித்துக்கொண்டு அவளுக்குக் கை காட்டினார்!

பிறகுதான் இரைச்சல் கேட்டது. அத்தான் ஜீப்பில் ஏறி அக்சிலேட்டரை மிதித்தார், மிதித்தார். சில்லு மணலுக்குள் இறங்கியதே தவிர ஜீப் அசையவில்லை.

"இறங்குங்கோ! இறங்கிப் பின்னாலை தள்ளுங்கோ!" என்று நீ போட்ட சத்தத்தில் அவர் இறங்கினார். பாயையும் என் போர்வையையும் சில்லுக்கடியில் திணிக்கச் சொன்னாய். ஸ்டியரிங்குக்கு முன்னால் நீ ஏறி இருந்து, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, மெல்ல முன்னுக்கு விட்டாய். நாங்கள் கரையேறி நின்று திரும்பிப் பார்த்தபோது, சாப்பிட இருந்த இடத்தை மண்ணிறத் தண்ணீர் மரக்கொப்புகளோடு மூடிக்கொண்டு போனது.

அத்தான் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மிச்சத் தூரம் முழுக்க ஓட்டியது நீதான். கருங்கல் பரவிய அந்த இறக்கத்தில் எத்தனை இடத்தில் ஜீப் சரிந்தது! கீழே ஏரி பச்சையாகத் தெரிந்ததும் ஹோர்னை விடாமல் அடித்துக் கூவினாயே, நீ அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நக்குரு திரும்பியதும் அத்தான் கதையை மாற்றிவிட்டார். நான் வாயெடுக்க நீ தடுத்தாய். "விடடி. ஆம்பிளை, வெக்கப்படுறார். சொல்லிப்போட்டுப் போகட்டும்." அதை ஏன் விட்டாய்? இங்கே வந்த பிறகு, "ஐஸ் றோட்டில கார் ஓட உமக்கு ஏலாது" என்றார். அதற்கும் ஓம் என்றாய். சாகும்வரை பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று வேலைக்குப் போனாய். அத்தானைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

கேள். உன் மகள் மைதிலிக்கு மார்க்கம் நகரில் கொம்பியூட்டர் வேலை கிடைத்திருக்கிறது. கார் இல்லாமல் போக வழியில்லை. லைசென்சும் எடுத்துவிட்டாள். வரும் திங்கள் தொடங்க வேண்டும். வந்தவர்கள் போனதும் அத்தானிடம் சாவி கேட்டாள். அவர் சொன்ன பதில் இது:

"உன்ர அம்மாவே கார் குலுங்கினாத் தேவாரம் பாடினவ. நீ ஹைவேயில ஓடப்போறியோ?"

எனக்கு விசர் பிடித்துவிட்டது. "பொய் சொல்லாதேங்கோ அத்தான்! அண்டைக்கு ஜீப்பை ஓடினது அக்கா. நீங்கள் பின்னாலை நிண்டு தள்ளினீங்கள்" என்று கத்தினேன்.

அவர் உன் படத்தைப் பார்த்தார். "அவ ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார். நடிக்கவில்லை, அக்கா. சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டார். பொய்யன் என்றால் சண்டை பிடிக்கலாம். இவரோடு என்ன செய்வது?

நான் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். திங்கட்கிழமை காலை என் காரை மைதிலிதான் மார்க்கம்வரை ஓட்டிப் போவாள். நான் பக்கத்தில் இருப்பேன். அத்தான் கோபித்தாலும் சரி, நீ கோபித்தாலும் சரி. ஏனென்றால் நான் கத்தி முடித்த பிறகு அவள் என்னிடம் வந்து ஒன்று சொன்னாள். அதை நீ கேட்கத்தான் வேண்டும்.

"சித்தி, நான் எல்லாத்துக்கும் பயப்பிடுறது அம்மாட்டையிருந்து வந்ததெண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான்."

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி