காதை மறைக்கும்வரை

புரட்டாதி 10, புதன்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. முற்றம் கூட்டக் கூட்டப் புழுதி. அப்பா விடியவே வயலுக்கு.

இன்று செய்த ஒரே வேலை: விக் கழுவியது. ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ. கொடியில் போட்டால் காற்று கொண்டுபோய்விடும் என்று ஒரு போத்தலில் கவிழ்த்துக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். பக்கத்து வீட்டு நாய் அரைமணி நேரம் அதைப் பார்த்துக் குரைத்தது. கனடாச் சித்தி அனுப்பியது. மண்ணிறம், தோள்வரை, நேர் மயிர். போட்டால் ரி.வி.யில் செய்தி வாசிக்கிற பிள்ளைபோல இருக்கிறதாம், அப்பா சொல்வார். இந்த வெயிலுக்குள் அதைப் போடுவது தலையில் பூனையைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

நேற்று யாழ்ப்பாணம், கிளினிக். இரத்தம் நல்லம். ஸ்கான் நல்லம். காதுக்குப் பின்னால் விக் உரசிப் புண். டொக்டர்: "இதைக் கழட்டி வையுங்கோ தங்கச்சி. காத்துப் படட்டும். இனி வேலைக்குப் போகலாம்." திங்கள் பள்ளிக்கூடம், படிப்பிக்க. ஒன்பது மாதத்துக்குப் பிறகு.

மயிர் திரும்பி வந்த ஒழுங்கு, மறக்கமுன்:
கால். (யார் கேட்டது?)
மேலுதடு. (இதையும்.)
மூக்கு.
புருவம், வலது முதல். நாலு நாள் ஒரு புருவத்தோடு இருந்தேன்.
இமை.
கடைசியாகத் தலை.

மூக்கைப் பற்றி. கதைகளில் நோய்ப்பட்ட பெண்கள் வடிவாக மெலிந்து யன்னலோரம் இருப்பார்கள். ஒருத்திக்கும் மூக்கு மயிர் கொட்டிச் சோற்றுக்குள் மூக்கு ஒழுகுவதில்லை. இவ்வளவு வாசித்தும் ஒரு புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

தலை இப்போது இரண்டு விரற்கடை. சுருள். முன்பு நேர். தடவினால் ஆட்டுக்குட்டி. எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

அம்மா காலையில் தேத்தண்ணி தரும்போது காதோரம் ஒரு விரல் வைத்து அளக்கிறா. இரண்டு மாதமாக, தவறாமல். "இன்னும் காதை மறைக்கேல்லை."

திங்கள் விக் இல்லாமல் போகப்போகிறேன் என்றேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை.

"போகேலாது."

"டொக்டர் சொன்னவர் அம்மா."

"டொக்டர் யாழ்ப்பாணத்திலை இருக்கிறார். நீ இஞ்ச இருக்கிறாய். இன்னும் மூண்டு மாதம் லீவு எடு. காதை மறைக்கட்டும்."

எனக்கு விளங்குகிறது. வவுனியாவில் இருந்து ஒரு சாதகம் வந்து அலுமாரிக்குள் கிடக்கிறது. அவர்களுக்குக் கொடுத்த படத்தில் எனக்கு இடுப்புவரை பின்னல்.

புரட்டாதி 11, வியாழன்

பின்னேரம் றிஸானா வந்தாள். என்னோடு படிப்பிக்கிற கணித ஆசிரியை. முல்லைத்தீவுக்காரி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருக்கிறாள். நான் படுத்திருந்த மாதங்களில் என் வகுப்புக் கொப்பிகளில் பாதி அவள்தான் திருத்தியது. தமிழ்க் கட்டுரைக்கும் சரி பிழை போட்டுவைத்திருக்கிறாள், கணக்குப்போல.

கையோடு நாலு தலைத்துணி. பருத்தி. "வழுக்கிற துணி உனக்குச் சரிவராது. பிடிக்கிறதுக்கு மயிர் வேணும்." உள்ளுக்கு ஒரு தொப்பி, ஊசி இரண்டு, ஒன்று தாடைக்குக் கீழே. மூன்று தரம் கட்டிக் காட்டினாள். நாலாம் தரம் நான். புண்ணில் படவில்லை.

அம்மா குசினி வாசலில் வந்து நின்று பார்த்தா. முகம் முழுக்கச் சந்தோசம். பல மாதத்துக்குப் பிறகு.

"ஐயோ வடிவு. ஒரு மயிரும் தெரியேல்லை. பிள்ளை றிஸானா, இது எங்க வாங்கிறனீங்கள்? இன்னும் ஐஞ்சாறு வாங்கித் தாங்கோ."

அதைக் கட்டிக்கொண்டே இருவரும் சைக்கிளில் கடைக்குப் போனோம். புதுக் கடைக்காரர் ஒருவர் எனக்கு ஸலாம் சொன்னார். பதட்டத்தில் நானும் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "தங்கச்சி எந்த ஊர்? வாப்பா என்ன செய்யிறார்?" "வயல்" என்றேன். அது பொய் இல்லை. றிஸானா பிஸ்கற் அடுக்கின் பின்னால் நின்று குலுங்கிக்கொண்டு இருந்தாள். திரும்பும் வழியெல்லாம்: "அடுத்த முறை நோன்புக்கு எழுப்பிவிடுறன், ரெடியா இரு."

வீட்டுக்கு வந்து கழற்றினேன். மடித்து வைத்தேன். அவள் இதை ஒளிக்கக் கட்டுவதில்லை. நான் கட்டினால் அது ஒளிக்கத்தான். ஒரே துணி. திங்களுக்கு இது வேண்டாம் என்று தோன்றுகிறது. என்ன விதமான அடம் இது, தெரியாது. ஆறு தரம் மருந்து ஏற்றி, எல்லாம் கொட்டி, திரும்ப முளைத்தது எனக்கென்று இவ்வளவுதான். இதை நாலு பேர் பார்க்கட்டும்.

புரட்டாதி 12, வெள்ளி

வெக்கை. புண்ணுக்குக் களிம்பு இரு தரம்.

வெட்கமான நாள். சுருக்கமாக எழுதுகிறேன்.

பத்து மணிபோல் பக்கத்து வீட்டுச் சந்திரா மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தா. நான் வெறுந்தலையோடு கிணற்றடியில். மயிர் முளைத்த பிறகு மாமி என்னை விக் இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தரம். என் தலையைப் பார்த்தா. பிறகு, "எடியே, அந்த நேரத்துப் பிள்ளையள் மாதிரியெல்லோ கிடக்கு" என்றா.

அம்மாவின் கையில் இருந்த சுளகு விழுந்தது. அரிசி மண்ணில். அரிசியைப் பார்க்காமல் என்னைத் தோளில் பிடித்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினா. என்னை. இருபத்தாறு வயதில்.

மாமி போன பிறகு கத்தினேன். "உங்களுக்கு ஊர்க்கதைதான் பெரிசு. சாதகம்தான் பெரிசு. நான் செத்திருந்தால் தலைமயிர் பிரச்சினை இருந்திராது, என்ன?"

அம்மா குந்தியிருந்து மண்ணில் இருந்து அரிசி பொறுக்கினா. ஒவ்வொன்றாக. அப்பா சாப்பிட வந்தவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தானே போட்டுச் சாப்பிட்டுப் போனார்.

பின்னேரம் அம்மா போனில் யாரோடோ. "நீ ஒருக்கா வா. அவள் சொன்னால் கேக்கிறாளில்லை." அக்காவாகத்தான் இருக்கும்.

ஒன்று யோசனையாக இருக்கிறது. மாசியில் நான் முழு மொட்டை. அப்போது அம்மா வெட்கப்படவில்லை. மொட்டையோடு கோயிலுக்குக் கூட்டிப் போனா. கேட்டவர்களுக்கு நேர்த்தி என்றா, தலையில் சந்தனமும் பூசிவிட்டா. மொட்டைக்கு இல்லாத வெட்கம் முளைத்த பிறகு ஏன்?

புரட்டாதி 13, சனி

அக்கா வந்தா. புளியங்குளத்தில் இருந்து, மாங்குளத்தில் பஸ் மாறி. பிள்ளைகளைக் கணவரோடு விட்டுவிட்டு, தனியாக. அக்காவின் மயிர் முழங்காலைத் தொடும். நுனிகூட வெட்டுவதில்லை. குளித்தால் காய அரை நாள். நான் அதை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன்.

என்னை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனா. அம்மா சார்பில் கதைக்க வந்தவ என்று தயாராக இருந்தேன்.

"நீ அம்மாட்டைக் கத்தினியாம்."

"அவாவுக்கு ஊர் என்ன சொல்லும் எண்ட பயம்."

"ஊர் இல்லையடி. நான்."

பிறகு சொன்னா. சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

போரின் கடைசிச் சண்டையின்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினேழு. அக்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். (யார் என்று எழுதவில்லை. இந்தக் கொப்பியிலும் கை அப்படிப் பழகிவிட்டது.) போன அன்றே தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள். ஓடினால் அடையாளம் தெரிய. பதினோராம் நாள் அக்கா ஓடிவந்துவிட்டா. அம்மா பங்கருக்குள் வைத்து மூடினா. வந்தவர்களுக்கு ஆளே இல்லை என்றா.

"காலமை காலமை உள்ளுக்கு இறங்கி வந்து, காதுக்குப் பக்கத்திலை விரலை வைச்சு அளப்பா. காதை மறைச்சால் வெளியிலை விடுவன் எண்டு. மறைக்க முதல் வெளிக்கிட வேண்டி வந்திட்டுது."

இந்தப் பக்கம் அப்படி. தண்ணீர் கடந்து அந்தப் பக்கம் போனால், அங்கே நின்ற ஆமிக்காரர்களும் முதலில் பார்த்தது பெண்பிள்ளைகளின் தலையைத்தான். குறோப் வெட்டு என்றால் சண்டையில் நின்றவள் என்று வரிசையில் இருந்து வெளியே. அம்மா தன் சீலையைக் கிழித்து அக்காவின் தலையில் சுற்றி, ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கேட்டு வாங்கி அக்காவின் இடுப்பில் வைத்தா. கலியாணம் முடித்த பிள்ளை என்று நினைக்கட்டும் என்று. அக்காவுக்கு முன்னால் நின்ற பிள்ளையை இழுத்தார்கள். பின்னால் நின்றவளையும்.

"குழந்தை அழுதுகொண்டே இருந்தது. நானும் அழுதனான். ஆரும் பாக்கேல்லை."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. துணி சுற்றிய அக்கா. காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பதினாறு வருடம் நான் அதைக் காய்ச்சல் என்றே வைத்திருந்தேன். எவ்வளவோ வாசிக்கிறவள் நான், ஒரு வீட்டுக்குள் இருந்த இதை வாசிக்கவில்லை.

திரும்பி வந்து அக்கா முற்றத்தில் கதிரை போட்டு என்னை இருத்தினா. "பின்கழுத்து சரியில்லை. கோழி கிளறினது மாதிரிக் கிடக்கு." சீப்பு, கத்தரிக்கோல். இரண்டு விரலுக்கு நடுவில் மயிரைப் பிடித்து, விரலுக்கு மேலே வெட்டு. வேகமாக, பயமில்லாத கை. சலூன்காரன்போல.

"எங்க அக்கா பழகினீங்கள்?"

"அங்கதான். ஆளுக்காள் வெட்டிறது. பதினொரு நாளிலை பழகினது இது ஒண்டுதான்."

கண்ணாடியில் பார்த்தேன். நல்லாயிருந்தது. உண்மையாகவே.

அம்மா குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கத்தரிக்கோல் சத்தம் நின்றதும் உள்ளே போய்விட்டா.

புரட்டாதி 14, ஞாயிறு

வானம் மூட்டம். மழை வரும் என்றார் அப்பா, வரவில்லை. அக்கா காலை பஸ்ஸில் போய்விட்டா.

சீலை இரண்டு ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினேன். சட்டைகள் எல்லாம் தோளில் பெரிது, ஒன்றுக்கு மட்டும் தையல் பிடித்தேன்.

அம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் போய்க் குந்தினேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "றிஸானாவின் துணியைக் கட்டிக்கொண்டு போறன் அம்மா" என்றேன். மனதோடுதான் சொன்னேன். வெறுந்தலையோடு போகிற என் ஆசையைவிட அம்மாவின் அந்தப் பங்கர் பெரிது.

அம்மா அடுத்த மீனை எடுத்துச் செதில் சீவினா.

"இப்ப ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம். எனக்குத் தெரியும். நான் விசரி இல்லை. மூளைக்குத் தெரியுது பிள்ளை. வயித்துக்குத் தெரியேல்லை."

"அதுதான் கட்டிறன் எண்டன்."

"புண்ணுக்குக் காத்துப் படோணும் எண்டவர் எல்லோ."

"அப்ப கட்டவோ, விடவோ?"

"எனக்குத் தெரியாது. என்னைக் கேளாதை."

அப்பா வாசலில் இருந்து: "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தத் தலை வயலுக்கு நல்லது. காத்துப் பிடிக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மீன் தலையை அவருக்கு எடுத்து வைத்தா.

புரட்டாதி 15, திங்கள்

ஆறே கால் பஸ். நீலச் சீலை. துணி பைக்குள், மடித்தபடி. தலை வெறும்.

படலையைத் திறந்தால் பின்னால் அம்மா. வீட்டுச் செருப்பு, நேற்றைய சீலை. "சந்திமட்டும் வாறன்." சந்தியில் பஸ் வந்தது, நான் ஏற, அம்மாவும் ஏறினா. கையில் ஒன்றும் இல்லை. ரிக்கற் நான் எடுத்தேன். என்னை யன்னல் பக்கம் விட்டு, தான் வெளிப்பக்கம் இருந்தா. ஏறுகிற ஒவ்வொருவரும் என் தலையைப் பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தா. ஒரு கிழவர் குனிந்து, "தம்பி, கொஞ்சம் அங்கால இருக்கலாமோ" என்றார், பிறகு சீலையைக் கண்டு நாக்கைக் கடித்தார். நான் சிரித்தேன். அம்மா அவரை முறைத்தா.

பள்ளிக்கூட வாசல். "போங்கோ அம்மா, திரும்பிற பஸ் ஏழரைக்கு."

"நீ போ. நான் கொஞ்சம் நிண்டிட்டுப் போறன்."

கேற்றுக்கு வெளியே வேம்பின் கீழ் நின்றா. காலைக்கூட்டத்தில் என் கழுத்து சூடாக இருந்தது. தேவாரத்தில் அரைவாசிப் பிள்ளைகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். அதிபர் "உடம்பு சுகமோ ரீச்சர்?" என்றார், பார்வை என் நெற்றிக்கு மேலே. வெளியே அம்மாவுக்குக் கதிரை கொடுத்துவிட்டார். உள்ளே வந்து இருக்கச் சொன்னதற்கு, "இல்லை சேர், இஞ்ச நல்ல காத்து" என்றாவாம்.

முதலாம் பாடம் ஒன்பது பி. பின்வாங்கில் இருந்து ஒரு குரல்: "ரீச்சர், ஸ்ரைலா இருக்கு." முன்வாங்குப் பிள்ளை திரும்பி அவனுக்கு அடித்தாள். பிறகு அவளே: "ரீச்சர், திரும்ப முளைக்கேக்கை கடிக்குமோ?" "ஓம், நல்லாக் கடிக்கும், சொறிஞ்சுகொண்டே இருக்கோணும்" என்றேன். எல்லாருக்கும் மூச்சு வந்தது. பாடம் எடுத்தேன். குரல் பத்து நிமிடத்தில் கம்மிவிட்டது, ஆனால் எடுத்தேன்.

பாடம் முடிந்து யன்னலால் பார்த்தேன். அம்மா கதிரை நுனியில், கேற்றைப் பார்த்தபடி.

இரண்டாம் பாடம் முடிந்தது. அங்கேதான். றிஸானா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் பாடம். ஒரு ஜீப் வாசலைத் தாண்டிப் போனது. அம்மா எழும்பிவிட்டா. அது வளைவில் மறையும்வரை நின்றா. பிறகு இருந்தா.

இடைவேளைக்கு ஓடிப்போனேன், சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்க. வேம்பின் கீழ் கதிரை மட்டும். காவலாளி ஐயா படலையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்க ஐயா?"

"பத்தரை பஸ்ஸிலை போயிட்டா ரீச்சர். சமைக்கோணுமாம்."