திரை இல்லாத கேமரா

கரகோல்,
நவம்பர் 2

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போன் எடுக்காத சைபீரியக் காட்டில் ரோடு போடப் போய் உட்கார்ந்துவிட்டீர்கள், எதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலை மேல் பனிச்சறுக்குத் தளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். ஜனவரிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமா சரி என்று சொல்லாமல் நான் எப்படிப் போவது? மருமகள் நேராகக் கேட்கவும் முடியாது. அத்தை இரண்டு தடவை பேச்செடுத்தார். "டீ ஆறுது, குடி" என்கிறார் உங்கள் அப்பா. அவ்வளவுதான்.

நான் சறுக்குவதை அவர் பார்த்ததே இல்லை. விழுந்து காலை ஒடித்துக்கொள்வேன் என்று பயப்படுகிறாரோ என்னவோ. ஒரு படம் பிடித்துக் காட்டினால் மனம் மாறும். கையில் ஆறாயிரம் சோம் பணம்தான் இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கட்டும்?

உங்கள்,
புருல்

---

முகாம்,
நவம்பர் 17

அன்பு புருலுக்கு,

வேலை கிடைத்த சந்தோஷத்தில் கூடாரமே அதிர நான் கத்தியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

இங்கே பாஷா என்றொரு ரஷ்யன், சறுக்குப் பைத்தியம். அவனைக் கேட்டேன். படம் எவ்வளவு தெளிவு என்று கடைக்காரன் அளப்பதைக் காதில் வாங்காதே என்கிறான். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஓடு, கடைக்காரன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார், படம் ஆடாமல் இருந்தால் அது போதும். பட்டனைக் கையுறையோடு அமுக்க முடிய வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், இன்னொன்று வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொள். பின்பக்கம் திரை இல்லாத மாடல் பாதி விலைக்கு வரும். பழையதே வாங்கு, தப்பில்லை.

அப்பாவை நான் அறிவேன். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பொறுமையாக இரு.

உன்,
மெதெர்

---

கரகோல்,
டிசம்பர் 9

அன்புள்ளவருக்கு,

சந்தைக்குள் நான் கேமராவோடு ஓடியதைப் பார்த்து, திருடிக்கொண்டு போகிறேன் என்று பாதிப் பேர் துரத்தினார்கள். நீங்களும் உங்கள் பாஷாவும்!

முதல் நாள் கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு இறங்கினேன். கீழே வந்த பிறகுதான் உறைத்தது: அதில் நான் எங்கே இருப்பேன்? சறுக்குக் கட்டையின் மூக்குதான் இருக்கும். வீட்டுக்கு வந்து, பிடிக்க ஆள் இல்லையே என்று நான் முழிக்க, டீ குடித்துக்கொண்டிருந்த மாமா எழுந்தார். "கொடு. குதிரை சும்மாதானே நிக்குது" என்றார். கேமராவை இரண்டு கையாலும் நீட்டினேன்.

இன்னொரு சிக்கல். நம் வழக்கத்தில் மருமகள் மாமாவுக்கு முதுகு காட்டிப் போகலாமா? அதனால் அவர் அடிவாரத்தில் குதிரை மேலேயே இருந்தார். நான் சுற்றி மேலே ஏறி அவர் முகம் பார்த்து இறங்கினேன். பக்கத்து வீட்டுத் தொக்தோசுன் பெரியவரும் துணைக்கு நின்றார். வந்து நின்றதும் மாமா சொன்னது ஒன்றே ஒன்று: "குதிரைக்குக் குளிருது, வா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வாங்கியது திரை இல்லாத கேமராவாச்சே, படம் எப்படி விழுந்தது என்றும் தெரியவில்லை. தளத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் கூட்டம் கூடிச் சிரிக்கும். முகாமுக்கு வரும் லாரியில் கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்தனுப்புகிறேன். மாமாவுக்குக் காட்டலாமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

புருல்

---

முகாம்,
டிசம்பர் 22

என் புருலுக்கு,

முக்கால்வாசிப் படத்தில் குதிரையின் காதுதான். அப்புறம் நீ வருகிறாய். பாஷாவின் கம்ப்யூட்டரில் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் நீ பார்க்க வேண்டியதைவிடக் கேட்க வேண்டியது அதிகம். அப்படியே எழுதுகிறேன்.

தொக்தோசுன்: "யாருய்யா அது, இந்த வேகத்துல வர்றது?"

அப்பா: "கண்ணு அவிஞ்சு போச்சா? எங்க வீட்டு மருமக!"

"வேலைக்குக் கூப்பிடுறாங்களாமே. விடப் போறியா?"

"பின்ன? இந்த மலையில இவள மாதிரி இறங்க எவன் இருக்கான்? போகட்டும். இப்பவே அவகிட்ட உளறிடாதே, தலைக்கு ஏறிடும்."

"மெதுவாப் பேசு. இதெல்லாம் அதுல விழுந்துடப் போகுது."

"அட போய்யா. விலை கம்மியான சாமான். படம் மட்டும்தான் விழும்."

நாளைக்கே போய்ச் சரி என்று சொல்லிவிடு. சத்தமும் விழும் என்று மட்டும் அப்பாவிடம் மூச்சு விடாதே. அடுத்த தடவையும் அவரே பிடிக்கட்டும்.

உன்,
மெதெர்