உன் அப்பா எழுந்து உட்காரக் கூடாது

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இருக்கும் ஒரு ஃபோனும் உன் அப்பா கையில், கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், நான் வராந்தாவில் நின்று தும்மினால்கூட யார்கிட்ட பேசுறே என்கிறார். அதனால் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்துக் கட்டில்காரரின் மகள் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவாள்.

முதுகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அவர் உன்னிடம் சொன்னாரே, அது பாதி உண்மை. நரம்பைச் சுற்றியுள்ள சவ்வு ஆபரேஷனில் கொஞ்சம் கிழிந்துவிட்டதாம், அதைத் தைத்து, காயத்தில் ஒரு குழாய் வைத்து, குழாயின் நுனியில் மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் டப்பா மாட்டியிருந்தார்கள். சாதாரணமாக அந்த டப்பாவை அமுக்கி மூடுவார்களாம், அது ரத்தத்தை இழுக்கும். இவருக்குச் சவ்வு கிழிந்திருப்பதால் இழுக்கக் கூடாது, தானாக வடியட்டும் என்று உப்பலாகவே விட்டிருக்கிறார் டாக்டர். அதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? காலமெல்லாம் டயர் கடையில் காற்றோடு மல்லுக்கட்டியவர் கண்ணில் உப்பின டப்பா பட்டால் சும்மா இருப்பாரா. நர்ஸ் மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டி, யாரும் இல்லாத நேரமெல்லாம் மூடியைத் திறந்து, காற்றை வெளியேற்றி, அமுக்கி மூடியிருக்கிறார். அது முதுகுத்தண்டில் உள்ள நீரையே உறிஞ்சியிருக்கிறது, நீர் போன இடத்தில் காற்று புகுந்து முதுகு வழியாகவே தலைக்கு ஏறிவிட்டது. தலை வெடிக்கிறது என்று கத்தினார், வாந்தி எடுத்தார், நர்ஸைப் பார்த்து ஜாக்கியை எடுத்துட்டு வாடா என்றார். நான் செத்தே போனேன். ஸ்கேன் எடுத்தால் மண்டைக்குள் கறுப்பாகத் திட்டுத் திட்டாகக் காற்று. டப்பாவை அமுக்கியது யார் என்று டாக்டர் அதட்ட, நான்தான் சார், காத்து நின்னிருந்துச்சு என்று பெருமையாக வேறு சொன்னார்! தலைக்கனம் பிடித்தவர் என்று அவரை ஊரே சொல்லும், உள்ளே இருப்பது காற்றுதான் என்று இப்போது படமே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அபூர்வமாக வருவதாம் இது. பெரும்பாலும் காற்று தானாகக் கரைந்துவிடும், ஆனால் தலையைத் தூக்காமல் படுத்திருக்க வேண்டும், ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. இத்தனை கூடாதுகளை உன் அப்பாவிடம் சொல்லிப் பார், தெரியும். உன் சித்தப்பா வந்து யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சறுக்கின யானை படுத்தாவது கிடக்கும், உங்க அண்ணன் எழுந்து எழுந்து உட்காருகிறாரே என்று கத்திவிட்டேன், வார்டே திரும்பிப் பார்த்தது.

எப்போது எழுந்து உட்காருகிறார் தெரியுமா? நீ வீடியோவில் கூப்பிடும்போது. மணி அடித்ததும் மாஸ்க்கைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்பா தேறிட்டாங்களேம்மா என்று நீ சிரிப்பாய். நீ வைத்த பிறகு அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுருண்டு கிடப்பதை நான்தான் பார்க்கிறேன். நேற்று எடுத்த ஸ்கேனில் காற்று துளியும் குறையவில்லை. இப்படியே போனால் மறுபடி கிழிக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர்.

பிரசவத்துக்கு நாங்கள் வருவோம் என்று எங்களுக்கு விமான டிக்கெட் எடுத்தாயே, அதை ரத்து செய்துவிடு. தலைக்குள் காற்று இருக்கும்வரை விமானம் ஏறவே கூடாது, மேலே போகப் போகக் காற்று விரிந்து மூளையை அமுக்கும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா, காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டா போச்சு, வெயில் காலத்துல டயருக்குச் செய்யலையா என்றார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவரை விட்டுவிட்டு நான் மட்டும் வரவும் முடியாது, நான் அந்தப் பக்கம் போனால் இவர் இந்தப் பக்கம் கடையைத் திறந்துவிடுவார். முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் போகிறாளே என்று எனக்கு வயிறு எரிகிறது. யார்மேல் எரிந்து விழுவது என்றுகூடத் தெரியவில்லை.

நம்மால போக முடியாது என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ யாருடி சொல்றதுக்கு, என் பொண்ணு கூப்பிட்டிருக்கா என்றார். விமானத்தில் உட்கார்ந்து வர இடுப்பு தாங்க வேண்டும் என்றுதானே இந்த ஆபரேஷனுக்கே சம்மதித்தார். அதனால் கூப்பிட்டவளே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உன் மாமியார் வருகிறார், வீட்டில் இடமில்லை, பிறகு பார்க்கலாம் என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடு. அவருக்கு வலிக்கும். வலிக்கட்டும், படுத்துக்கொண்டு வலிக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, மாடிப்படியில் ஓடாதே. தாயும் பிள்ளையுமாகப் பிழைத்து நூறு வருஷம் நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, இதைச் சொல்லும்போது வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். நீ அழுவதைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் மேல் ஒரு கோபமும் இல்லாத
அம்மா